சூசை அண்ணன் நாட்டில் இல்லாத நான்கு ஆண்டுகள்

இல்லை, அவர் துப்பாக்கி பிடித்ததில்லை. எல் அலமெயினில் இருந்தார். சுடவில்லை. லொறி ஓட்டினார். முன்னால் நின்றவர்களுக்குத் தண்ணீரும் பெற்றோலும் கொண்டுபோனார். அதுவும் போர்தான் என்று விளங்கிக்கொள்ள எனக்கு ஒரு பட்டமும் அதற்குப் பிறகு சில ஆண்டுகளும் தேவைப்பட்டன.

செய்தி பஸ்ஸில் வந்தது. பொகவந்தலாவையில் பள்ளிக்கூடம் விடும் நேரம். மழை. ஹட்டன் பஸ்ஸின் கண்டக்டர் மிதிபலகையில் நின்றபடியே கூப்பிட்டார்.

“டீச்சர், டிக்கோயா லொறிக்கார சூசை போய்ட்டாருங்க. காலையில. ஆஸ்பத்திரில.”

பிறகு, “ஏறுறீங்களா?”

ஏறினேன். பின் ஆசனத்தில் யாரோ சொன்னார்: “இந்தியாவுக்குக் கப்பல் ஏத்துறதுக்கு முன்னாடியே போய்ட்டாரு. குடுத்து வச்ச மனுசன்.” இரண்டு பேர் சிரித்தார்கள். நான் திரும்பிப் பார்க்கவில்லை. பார்த்திருந்தால் என்ன சொல்லியிருப்பேன் என்று எனக்கே தெரியாது. அஞ்சலி எழுதுகிறவர் கைகூப்பிக்கொண்டு எழுத வேண்டும் என்பார்கள். அன்று அந்தப் பஸ்ஸில் என் கை இரண்டும் முன் ஆசனத்தின் கம்பியை இறுக்கிப் பிடித்திருந்தன. இன்னும் விட்டபாடில்லை. இப்படியேதான் எழுதுகிறேன்.

உங்களில் பலர் அவருடைய லொறியில் போயிருக்கிறீர்கள். டிக்கோயாத் தோட்டத்து ஸ்டோரில் நிரப்பிய தேயிலைப் பெட்டிகளை றொசல்ல ஸ்டேசனுக்கு ஏற்றிப்போகும் லொறி. முன் ஆசனத்தில் மூன்று பேர் இருக்கலாம். நான் பேராதனைப் பல்கலைக்கழகத்தில் படித்த காலத்தில் விடுமுறை முடிந்து ரயிலுக்குப் போவது அதில்தான். என் அப்பா அந்தத் தோட்டத்தின் கணக்கப்பிள்ளை. எனக்கும் சாரதிக்கும் நடுவில் அப்பா உட்கார்ந்துகொள்வார். ஆகவே நானும் சூசை அண்ணனும் உலக யுத்தத்தைப் பற்றி வாதிட்டதெல்லாம் என் அப்பாவின் மூக்குக்கு முன்னால்தான். அப்பா கண்ணை மூடிக்கொள்வார். தூங்கமாட்டார்.

எனக்குப் பத்தொன்பது வயது. நூலகத்தில் வாசித்ததை யாரிடமாவது சொல்லாவிட்டால் தலை வெடித்துவிடும் என்ற நிலை. மிட்வேதான் முக்கியமான சண்டை என்றேன். ஈஸ்டர் ஞாயிற்றுக்கிழமை கொழும்பில் குண்டு போட்ட விமானங்கள் ஐந்து கப்பல்களில் வந்தவை. அந்த ஐந்தில் மூன்று இரண்டே மாதத்தில் மிட்வேக்குப் பக்கத்தில் கடலுக்குள் போய்விட்டன. அவை போகாவிட்டால் யப்பான்காரன் திரும்ப வந்திருப்பான், உங்களுடைய அலமெயின் எல்லாம் அப்புறம்தான் என்றேன்.

அவர் கியரை மாற்றிவிட்டுக் கேட்டார்: “அந்த ஊருக்கு யாரு தங்கச்சி தண்ணி கொண்டுபோனா?”

“அது கடல் நடுவுல ஒரு தீவு அண்ணன்.”

“அப்ப அங்க இருந்தவன் கடல் தண்ணியக் குடிச்சானா?”

அப்பா கண்ணை மூடியபடியே சிரித்தார்.  எந்தப் புத்தகத்திலும் அதற்குப் பதில் இருக்கவில்லை.

சண்டைகளை அவர் அப்படித்தான் அளந்தார். யார் வென்றார் என்பதல்ல, எது போய்ச் சேர்ந்தது, எது வழியிலேயே நின்றது என்று. அலமெயின் என்பது ஒரு ஸ்டேசன் என்று எனக்கு முதலில் சொன்னவர் அவர். நான் ஏதோ கோட்டை என்று நினைத்திருந்தேன்.

“கோட்டையா? றொசல்ல மாதிரி ஒரு ஸ்டேசன். றொசல்லயில டீக்கடையாச்சும் இருக்கு. வடக்கால கடலு. தெக்கால பெரிய பள்ளம், மணலும் உப்பும். எறங்குன லொறி ஏறாது. பொகவந்தலாவ ரோட்டுல எதிர்ல பஸ் வந்தா என்ன செய்வீங்க? சுத்திப் போக வழியிருக்கா? அதேதான். ரெண்டு பேர்ல ஒருத்தன் பின்னால போயே ஆகணும்.”

பாலைவனம் முழுவதும் சுற்றிவளைத்துச் சண்டை போட்டவர்களுக்குச் சுற்றிவளைக்க முடியாத ஒரே இடம். அதற்குப் பின்னால் கால்வாய். கால்வாய்க்குப் பின்னால் எண்ணெய். ஸ்டாலின்கிராட்டுக்கு ஜெர்மன்காரன் வந்ததும் வடக்கேயிருந்து அதே எண்ணெயைத் தேடித்தான் என்று அவருக்குத் தெரிந்திருந்தது. யாரோ ஒரு சார்ஜன்ட் மணலில் குச்சியால் கோடு போட்டுக் காட்டினாராம். எங்கள் பேராசிரியர் இரண்டு விரிவுரைகளில் சொன்னதை அந்தச் சார்ஜன்ட் ஒரு சிகரட் முடிவதற்குள் சொல்லியிருக்கிறார்.

எல்லாவற்றையும் விட அவர் அதிகம் பேசியது பெற்றோல் டின்னைப் பற்றி. “எங்களுக்குக் குடுத்தது வெறும் தகரம். ஒண்ணு மேல ஒண்ணு அடுக்குனா அடியில இருக்கிறது ஒழுகும். எந்த நேரமும் பெற்றோல் வாடை. பீடி பத்த வச்சவன் அதோட சரி. ஜெர்மன்காரன் டின்னு கீழ போட்டாலும் நசுங்காது. அதுல ரெண்டு கெடைச்சா அன்னைக்கு எங்களுக்குக் கிறிஸ்மஸ்.” கொண்டுபோனதில் எவ்வளவு ஒழுகியது என்று எந்தத் தளபதியும் எழுதி வைக்கவில்லை என்பார். அதை அவர் மனத்தாங்கலாகச் சொல்லவில்லை. எனக்குத்தான் மனத்தாங்கல்.

அலமெயினில் இரண்டு சண்டைகள் நடந்தன. புத்தகங்களில் பெரிதாக இருப்பது இரண்டாவது, ஒக்டோபரில் தொடங்கியது. அவருக்குப் பெரிது ஜூலையில் நடந்த முதலாவது. தோப்ரூக் துறைமுகம் விழுந்து எல்லாரும் பின்னால் ஓடிவந்து மூச்சு வாங்கி நின்ற நேரம். அந்த ஜூலையில்தான் பியதாச செத்தார். பியதாச குருநாகலைக்காரர். இவருக்கு முன்னால் போன லொறி அவருடையது. “திரும்பிப் பாத்து கைய காட்டினான். அவ்வளவுதான்.” பியதாசவிடமிருந்துதான் இவர் சிங்களம் கற்றுக்கொண்டார். இத்தனை வருஷம் தோட்டத்தில் இருந்து கற்காததை எகிப்தில் கற்றார்.

இத்தாலிக்கும் போனார். கசீனோ மலை. பாலைவனத்தில் பழகிய சாரதிகள் அங்கே வளைவுகளைக் கண்டு நடுங்கியபோது இவருக்கு வீட்டுக்கு வந்தது போலிருந்ததாம். உச்சியில் ஒரு மடாலயம். ஏன் ஒரு மடாலயத்துக்காக ஆறு தேசத்துப் பையன்கள் சாக வேண்டும் என்று கேட்டேன். அவர் லொறியை வளைவில் நிறுத்தி மேலே கையைக் காட்டினார். மேட்டில் துரை பங்களா. கீழே சரிவில் தொழிலாளர் லயங்கள், வரிசை வரிசையாக.

“அங்க இருந்து பாத்தா இங்க யாரு வெளிய வாறா, யாரு காலையில வேலைப் பெரட்டுக்குப் போகாம நிக்கிறா, எல்லாம் தெரியும். கீழ இருக்கிறவன் எறும்பு. அதான் கசீனோ. இப்ப வெளங்குதா?”

அப்பா இம்முறை சிரிக்கவில்லை. “லொறிய எடு சூசை” என்றார்.

அவருடைய மனைவி அருளாயி இந்தப் பேச்சுகளைச் சட்டை செய்யமாட்டாள். அவளுக்குத் தெரிந்த சண்டை ரங்கூன் விழுந்தது. அவள் அந்தப் பெயரைச் சொன்னதில்லை. “அரிசி நின்னுச்சு” என்றுதான் சொல்வாள். பர்மா போனதும் அரிசிக் கப்பல் நின்றது. தோட்டங்களுக்குக் கோதுமை மா வந்தது. அதை என்ன செய்வது என்று தெரியாமல் முதல் வாரம் கஞ்சி காய்ச்சிக் குடித்து எல்லாருக்கும் வயிறு வீங்கியதாம். பிறகு ரொட்டி தட்டப் பழகினார்கள். யுத்தம் முடிந்தும் ரொட்டி போகவில்லை. இன்றைக்கும் விடியற்காலையில் எந்த லயத்துக்குப் போனாலும் ரொட்டி தட்டும் சத்தம். ஒரு போர் ஏன் முக்கியமானது என்று என்னைக் கேட்டால் இப்போது அந்தச் சத்தத்தைத்தான் சொல்வேன். அப்போது சொல்லவில்லை. அப்போது எனக்குத் தளபதிகளின் பெயர்கள் தெரிந்திருந்தன.

இனி எழுதப்போவதை உங்களில் சிலர் அரைகுறையாகக் கேட்டிருப்பீர்கள். முழுவதும் கேளுங்கள்.

சுதந்திரத்துக்குப் பிறகு, இந்திய வம்சாவளியினரான நாங்கள் பிரஜாவுரிமைக்கு மனுப்போட வேண்டும் என்று வந்தபோது எங்கள் தோட்டத்தில் பாதிப் பேருக்கு அப்பாதான் எழுதிக் கொடுத்தார். சூசை அண்ணனுக்கும் எழுதினார். மனைவி, இரண்டு பிள்ளைகள் எல்லாரும் அவருடைய மனுவிலேயே அடங்குவார்கள். இத்தனை ஆண்டு தொடர்ந்து இந்த நாட்டில் வசித்ததற்கு அத்தாட்சி கேட்டிருந்தார்கள். அப்பா ஒரே வரி எழுதினார்: இத்தோட்டத்தில் தொடர்ச்சியாக வசித்தவர், செக்ரோல் பார்க்க.

செக்ரோல் என்பது தோட்டத்து ஆட்களின் பேர்ப் புத்தகம். அதில் பேர் இருந்தால்தான் லயத்தில் அறை. பேர் வெட்டினால் அறையும் போகும். சூசை அண்ணன் பட்டாளத்துக்குப் போனபோது, போகச் சொன்ன துரையே, “பேர் வெட்டாதே” என்று அப்பாவிடம் சொல்லியிருந்தார். அருளாயியும் கைப்பிள்ளையும் அறையில் இருக்கட்டும் என்று. அதனால் அவர் எகிப்தில் இருந்த மாதங்களிலும் இத்தாலியில் இருந்த மாதங்களிலும் செக்ரோலில் அவர் பேர் இருக்கிறது. அப்பாவின் கையெழுத்தில். அந்தப் புத்தகத்தின்படி அவர் ஒரு நாளும் டிக்கோயாவை விட்டுப் போகவில்லை.

விசாரணைக்கு வரச்சொல்லிக் கடிதம் வந்தபோது வருஷங்கள் ஓடியிருந்தன. நான் விடுமுறையில் வீட்டிலிருந்தேன். கடிதத்தை எடுத்துக்கொண்டு அவர் வந்தார். எங்கள் வீட்டில் அவர் ஒருபோதும் உட்கார்ந்ததில்லை. வாசல் நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

“செக்ரோல்ல பேர் இருக்கு” என்றார் அப்பா. “புக்கக் காட்டு. கேட்டதுக்கு மட்டும் பதில் சொல்லு. மேல ஒரு வார்த்த பேசாத.”

நான் உள்ளேயிருந்து வந்தேன். நான் வராமலிருந்திருக்கலாம்.

“நாலு வருஷம் வெளியில இருந்தவரை இங்கேயே இருந்தார்னு சொல்றது பொய் இல்லையாப்பா?”

“பொய்தான். துரை சொன்ன பொய். அது பாட்டுக்கு நிக்கட்டும்.”

“எதுக்கு மறைக்கணும்? ஓடியா போனார்? இந்த நாட்டுக்காகப் போனார்.”

அப்பா என்னை நிமிர்ந்து பார்த்தார். “எந்த நாட்டுக்காக?”

எனக்குக் கோபம் வந்தது. அப்பாவின் பயம்தான் நம் எல்லாரையும் இப்படிக் குனிய வைத்திருக்கிறது என்று சொன்னேன். இன்னும் என்னென்னவோ சொன்னேன். புத்தகத் தமிழில் சொன்னேன். அப்பா சூசை அண்ணனைப் பார்த்து, “நீ என்னா சொல்ற?” என்றார்.

அவர் கையிலிருந்த கடிதத்தை மடித்தார். பிறகு மெதுவாக, “தங்கச்சி சொல்றதும் சரியாத்தாங்க இருக்கு ஐயா” என்றார். “சர்க்காரு காகிதத்துல ஒரு தடவயாச்சும் வரட்டுமே, நான் அங்க இருந்தேன்னு.”

அந்த ஆசை அவருக்கு இருந்தது. அதை நான்தான் கிளப்பிவிட்டேன். அதுவரை ஒருவரும் அவரிடம் அந்தப் போரை எழுதித் தருகிறேன் என்று சொன்னதில்லை.

அப்பாவின் தட்டெழுத்துப் பொறியில் மூன்று பக்கம் அடித்தேன். ஆங்கிலத்தில். தோப்ரூக்கிலிருந்து பின்வாங்கியது. அலமெயின். கசீனோ. ஒவ்வொன்றுக்கும் ஒரு பத்தி, ஒவ்வொரு பத்தியிலும் அந்தச் சண்டை ஏன் முக்கியமானது, அது நடவாதிருந்தால் இலங்கைக்கு என்ன ஆகியிருக்கும். பரீட்சை விடை போல. கப்பல் ஏறிய திகதி, திரும்பிய திகதி, படைப்பிரிவின் இலக்கம், பதக்கம். அவருக்கு வாசித்துத் தமிழில் சொன்னேன். முன் திண்ணைப் படியில் குந்தியிருந்து கேட்டார். ஒரே ஒரு திருத்தம் சொன்னார்: “ஜூலை மாசச் சண்டையும் போடுங்க. பியதாச பேரும் போடுங்க.” போட்டேன்.

விசாரணை நுவரெலியா அரசாங்கக் கச்சேரியில். அருளாயி கலியாணச் சேலை கட்டியிருந்தாள். பிள்ளைகள் இருவரும் சுவரோர வாங்கில் உட்கார்ந்திருந்தார்கள். நானும் போனேன். அதிகாரி இளைஞர். மரியாதையானவர். யாழ்ப்பாணத்து மொழிபெயர்ப்பாளர் ஒருவர் பக்கத்தில். செக்ரோலைப் பார்த்தார்கள். அதிகாரி பச்சைப் பென்சிலால் ஒரு குறி போட்டார். அருளாயியின் பெயரைக் கேட்டார், பிள்ளைகளின் வயதைக் கேட்டார், குறி போட்டார். அங்கேயே முடிந்திருக்க வேண்டியது. அரை மணி நேரம்கூட ஆகவில்லை.

பிறகு என் மூன்று பக்கங்களைப் புரட்டினார்.

அவர் ஆர்வத்தோடு வாசித்தார். அதைத்தான் என்னால் மன்னிக்க முடியவில்லை. அலமெயின் பத்தியில் நிறுத்தி மீண்டும் ஒருமுறை வாசித்தார். இதை எழுதியது யார் என்றார். நான் எழுந்து நின்றேன். “மிக நல்ல ஆங்கிலம்” என்றார். எனக்கு முகம் மலர்ந்தது. அந்த ஒரு நிமிஷத்தை என் வாழ்க்கையிலிருந்து வெட்டி எறிய முடியுமானால் எறிந்துவிடுவேன்.

அதன் பிறகு பேசியது மொழிபெயர்ப்பாளர்.

“எப்ப கப்பல் ஏறினீர்?”

சொன்னார்.

“எப்ப திரும்பினீர்?”

சொன்னார்.

“இடையிலை ஒருக்காலும் இஞ்சை வரேல்லையோ?”

“லீவு கேட்டேங்க. ஜெர்மன்காரன் குடுக்கல.”

மொழிபெயர்த்ததும் அதிகாரி சிரித்தார். வாங்கில் இருந்தவர்களும் சிரித்தார்கள். சிரித்து முடித்து அதிகாரி எழுதினார். எழுதியதை வாசிக்கச் சொன்னார். மொழிபெயர்ப்பாளர் காகிதத்தைப் பார்த்தபடியே, சூசை அண்ணனைப் பார்க்காமல் சொன்னார்: “அப்ப நீர் அந்த நாலு வருஷமும் இலங்கையிலை இருக்கேல்லை. பன்னிரண்டு மாதத்துக்கு மேலை வெளியிலை நிண்டா தொடர்ச்சி அறுந்து போகும். சட்டம் அப்பிடித்தான்.”

நான் எழுந்து ஆங்கிலத்தில் கத்தினேன். யாருக்காக வெளியே நின்றார், எந்த அரசு அனுப்பியது, எந்தக் கப்பலில் ஏற்றியது, இதே கச்சேரிச் சுவரில் அன்றைக்கு என்ன விளம்பரம் ஒட்டியிருந்தார்கள் என்று. அதிகாரி பொறுமையாகக் கேட்டார். “அது சேவை, மிஸ். சட்டம் கேட்பது வதிவை, இங்கே இருந்ததை” என்றார்.

முடிவு தபாலில் வந்தது. மனுதாரர் தொடர்ச்சியான வதிவை நிரூபிக்கவில்லை. மனைவியும் பிள்ளைகளும் மனுதாரரைச் சார்ந்தவர்கள். ஆகவே நிராகரிக்கப்படுகிறது. மேல்முறையீட்டுக்குக் கொழும்பில் வக்கீல் வைக்க வேண்டும். வைக்கவில்லை.

அருளாயி ஹட்டனுக்கு அப்பால் எங்கும் போனவளில்லை. அந்த நான்கு ஆண்டும் மழையிலும் அட்டைக்கடியிலும் கொழுந்து பறித்தாள். அவள் பறித்த தேயிலையை அலமெயினில் கொதிக்கவைத்துக் குடித்தார்கள். அவளும் தொடர்ச்சி அறுந்தவள். கணவன் வெளியில் நின்றதால் அவளும் வெளியில் நின்றவள். இப்படி ஒரு சட்டத்தை எழுதியவர்கள் மூடர்களல்லர். என்னைவிட நன்றாகப் படித்தவர்கள். தெரிந்தே எழுதினார்கள்.

அதே வருஷம் எங்கள் குடும்பத்துக்குப் பிரஜாவுரிமைப் பத்திரம் வந்தது. அப்பா அதைக் கண்ணாடி போட்டு மாட்டினார். நான் கழற்றி அலமாரிக்குள் வைத்தேன். மறுநாள் அது மீண்டும் சுவரில் இருந்தது. 

மன்னிப்புக் கேட்கப் போனேன். அவர் லொறிக்கு அடியில் படுத்துக் கிறீஸ் பூசிக்கொண்டிருந்தார். வெளியே வரவில்லை. அடியிலிருந்தே சொன்னார்: “அழாதீங்க தங்கச்சி. நீங்க எழுதினதுல ஒரு வரி தப்பில்ல.” அவர் திட்டியிருக்கலாம். அவர் திட்டாததை நான் பெருந்தன்மை என்று எழுதப்போவதில்லை. திட்டும் உரிமையைக்கூட அவர் எடுத்துக்கொள்ளவில்லை என்பதுதான் எனக்குத் தெரிகிறது. நான் கணக்கப்பிள்ளை மகள்.

அருளாயி எடுத்துக்கொண்டாள். லயத்து வாசலில், எல்லார் காதிலும் விழும்படி: “படிச்ச புள்ளைன்னு வாயப் பொத்திக்கிட்டு இருந்தேன். உங்கப்பா பொய்யில இத்தன வருஷம் இருந்தோம். உங்க உண்மையில ஒரு நாளு இருக்க முடியல.”

 

அவர் கோபப்பட்டு நான் பார்த்தது ஒரே தடவை. அதையும் கோபம் என்று எல்லாரும் கண்டுகொண்டிருக்க மாட்டார்கள். ஒவ்வொரு நவம்பரிலும் துரைமாரின் கிறிஸ்தவக் கோயிலில் யுத்தத்தில் செத்தவர்களுக்கு வணக்கம் நடக்கும். சிவப்புக் காகிதப் பூக் குத்திக்கொள்வார்கள். தோட்டத்தில் பதக்கம் உள்ள ஒரே ஆள் என்று அவரை வருஷா வருஷம் முன் வரிசையில் நிறுத்துவார்கள். நிராகரிப்பு வந்த அந்த நவம்பரிலும் ஆபீசிலிருந்து ஆள் வந்தான், பதக்கத்தோடு வரச்சொல்லி.

“நான் அங்க இல்லைன்னு சொல்லிடுங்க” என்றார்.

“எங்க இல்ல?”

“நாலு வருஷம் நான் இங்க இல்லைன்னு கச்சேரில எழுதிட்டாங்க. இன்னைக்கு ஒரு நாளு அங்கயும் இல்லைன்னு எழுதிக்கட்டும்.”

போகவில்லை. அடுத்த வருஷமும் போகவில்லை. பிறகு கூப்பிடுவதை நிறுத்திவிட்டார்கள். நாமும்தான். கலியாண வீடுகளில் “பட்டாளத்தார் வாறார், நாற்காலி போடு” என்று சொன்ன நாம், அவருடைய காகிதம் திரும்பி வந்த பிறகு அந்தப் பேச்சை எடுக்காமலிருப்பதை நாகரிகம் என்று நினைத்தோம். நம்மில் பத்திரம் கிடைத்தவர்கள் அதை மெதுவாகப் பேசிக்கொண்டோம். கிடைக்காதவர்கள் இன்னும் மெதுவாக. அவர் அதைக் கவனித்தார். அவர் கவனிக்காதது எது?

கடைசியாக அவரைப் பார்த்தது ஹட்டன் பஸ் நிலையத்தில். இந்தியாவுக்கும் இலங்கைக்கும் இடையிலான ஒப்பந்தம் வந்துவிட்டது. இரு பிரதமர்களும் உட்கார்ந்து, பத்திரம் இல்லாதவர்களில் இத்தனை லட்சம் பேர் அங்கே, இத்தனை லட்சம் பேர் இங்கே என்று பிரித்துக்கொண்டு எழுந்து போயிருந்தார்கள். அவர் மெலிந்திருந்தார். இருமல். சிரித்துக்கொண்டே கேட்டார்.

“எகிப்து பாத்திருக்கேன். இத்தாலி பாத்திருக்கேன். இந்தியா எந்தப் பக்கம் தங்கச்சி?”

“அண்ணன், உங்களை அனுப்பமாட்டாங்க.”

“யாரு சொன்னா?”

 அவர் இருமி முடித்துவிட்டுச் சொன்னார்: “பியதாச அங்கேயே கெடக்கான், மணலுக்குள்ள. அவன யாரும் நாட்டுல இல்லைன்னு சொல்லல. நல்லா இருக்கட்டும் பாவம்.” அதில் பொறாமை இருக்கவில்லை. கசப்புக்கூட இல்லை. வெறும் தகவல். என்னால் அதைத் தகவலாக வைத்திருக்க முடியவில்லை.

தோட்டத்து மயானத்தில் அடக்கம் செய்தோம். நீங்கள் வந்திருந்தீர்கள். மழை விடவில்லை. மூன்றாம் நாள் சிலுவைக்கு வாசகம் எழுதித் தரும்படி கோயில்பிள்ளை கேட்டார். நான் ஏற்கெனவே எழுதி வைத்திருந்தேன். பெயர், படைப்பிரிவு, தோப்ரூக், எல் அலமெயின், கசீனோ. நல்ல வாசகம். அருளாயியிடம் வாசித்துக் காட்டினேன்.

அவள் உலை வைத்துக்கொண்டிருந்தாள். முழுவதும் கேட்டாள். பிறகு, “அந்த ஊரு பேரெல்லாம் வேணாம் டீச்சரு” என்றாள். “அந்த ஊருங்கதான் எங்களத் தின்னுச்சு.”

“வேற என்ன எழுத அக்கா?”

“சூசை. பொறந்தது டிக்கோயா. செத்தது டிக்கோயா. அதப் போடுங்க. பெரிய எழுத்துல போடுங்க. கச்சேரிக்காரன் வந்தா வாசிக்கட்டும்.”

அவள் குரல் உயரவில்லை. அடுப்பிலிருந்து கண்ணை எடுக்கவுமில்லை. எழுதியதை அடித்துவிட்டு அவள் சொன்னதை எழுதினேன். சிறிது நேரம் கழித்து அவள் கேட்டாள்: “அவரு போய்ட்டாரு. இப்ப நானும் புள்ளைங்களும் யாரச் சேந்தவங்க?”

அவருடையது என்னிடம் எது மிஞ்சியிருக்கிறது என்று நீங்கள் கேட்டால், சாமான்கள் இல்லை. அந்த மூன்று பக்கத்தின் கார்பன் பிரதி இருக்கிறது. அதை எரிக்கமாட்டேன். வகுப்பில் போர்களைக் கற்பிக்கும்போது திருப்புமுனை என்ற சொல்லை நான் இப்போது உபயோகிப்பதில்லை. யாருக்குத் திரும்பியது என்று யாராவது ஒரு பிள்ளை கேட்டுவிடும். அவர் வெளியில் காட்டாத கோபம் ஒன்று இருந்தது. அதை அவர் யாருக்கும் எழுதி வைக்கவில்லை. நான் எடுத்துக்கொண்டேன். அது என்னுடையதும்தான். அவரால் சுமக்க முடிந்ததைவிட என்னால் கொஞ்சம் அதிகம் சத்தம் போட முடியும். எனக்குப் பத்திரம் இருக்கிறது.

அருளாயி அப்படிக் கேட்ட மறுநாள் பள்ளிக்கூடத்துக்கு லீவு அனுப்பிவிட்டு அவளுடைய ஞானஸ்நானச் சீட்டை வாங்கிக்கொண்டு நுவரெலியா பஸ்ஸில் ஏறினேன். கச்சேரியில் அவள் பெயரில் தனியாக ஒரு மனுக் கொடுத்தேன். மனுப்போடும் காலம் முடிந்துவிட்டது, ஏற்கமாட்டார்கள் என்று கிளாக்கர் சொன்னார். வாங்கி முத்திரை குத்துங்கள் என்றேன். குத்தும்வரை நின்றேன். வதிவு என்ற இடத்தில், பிறந்த நாளிலிருந்து டிக்கோயா, என்று எழுதியிருந்தேன். வேறொன்றும் எழுதவில்லை.